'செக்'னு ஒரு வார்த்தைய முழுசா புடிக்கிறது எப்படி

எங்க தெருவுல ஒரு தம்பி, கேட்டரிங் முடிச்சிட்டு போன வருஷம் துபாய்ல ஒரு ரெஸ்டாரண்ட்ல வெயிட்டரா சேர்ந்தான். சேர்ந்த ரெண்டாவது வாரம் ஒரு அமெரிக்கக் குடும்பம் சாப்பிட்டு முடிச்சிட்டு "குட் வி கெட் த செக் ப்ளீஸ்"னு கேட்டிருக்காங்க. இவன் "யெஸ் சார்"னு சொல்லிட்டு கிச்சனுக்குப் போய் அவங்க ஆர்டர் எல்லாம் போயிடுச்சான்னு ஒரு தடவை பாத்துட்டு வந்து "ஐ செக்ட் சார், எவ்ரிதிங் இஸ் ஓகே"ன்னு சொல்லியிருக்கான். அவங்க மறுபடியும் அதையே கேட்டிருக்காங்க, இவன் மறுபடியும் கிச்சனுக்கு. கடைசில அந்த அம்மா காத்துல கையெழுத்து போடுற மாதிரி விரல ஆட்டிக் காட்டினதுக்கு அப்புறம்தான் பில்லுன்னு புரிஞ்சிருக்கு. அன்னிக்கு ராத்திரி எனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டான், "அண்ணே, செக்னா சரிபாக்குறதுதானே, பில்லுக்கு எப்படிண்ணே அந்தப் பேரு வந்துச்சு"ன்னு. ரொம்ப நியாயமான கேள்வி. அவனுக்குச் சொன்னத கொஞ்சம் விரிச்சு இங்க எழுதுறேன், இங்கிலீஷ் இப்பதான் பேச ஆரம்பிக்கிறவங்களுக்கு.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். டிக்‌ஷனரிய தொறந்து செக்குக்கு இருக்கிற இருபது இருபத்தஞ்சு அர்த்தத்தையும் வரிசையா மனப்பாடம் பண்ணாதீங்க, ரெண்டு நாள்ல மறந்துடும். இந்த வார்த்தைக்குப் பின்னாடி ஒரே ஒரு படம்தான் இருக்கு, அந்தப் படத்த மனசுல வாங்கிக்கிட்டா மிச்சம் எல்லாம் தானா வந்து ஒட்டிக்கும். அந்தப் படத்துல பாதி ஏற்கனவே உங்ககிட்ட இருக்கு. "கேஸ் மூடியிருக்கான்னு செக் பண்ணு"ங்கிறோம், "அவருக்கு கட்சில செக் வச்சிட்டாங்க"ங்கிறோம், "செக் எழுதிக் குடு"ங்கிறோம். பண்ணு, வை, எழுதுன்னு கூட வர்ற வார்த்தைய மாத்தி மாத்தி போட்டு மூணு அர்த்தத்த நாம தினமும் குழப்பமே இல்லாம பேசிட்டுத்தான் இருக்கோம்.

முதல் படி: வாய்க்குப் பழக்குறது

அர்த்தத்துக்கு முன்னாடி சத்தம். ஏன்னா தமிழ் பேசுறவங்களுக்கு இந்த வார்த்தைல ரெண்டு எடத்துல வழுக்கும், ஆரம்பத்துல ஒண்ணு, முடிவுல ஒண்ணு.

ஆரம்பத்துல என்ன பிரச்சனைன்னா, நாம சட்டை, சோறு, சாமின்னு சொல்லும்போது அந்த ச பெரும்பாலும் ஸ மாதிரிதான் வாயில வருது. அதே பழக்கத்துல இதையும் சொன்னா "ஸெக்" ஆயிடும். ஒருமைல கூட தப்பிச்சிடலாம், பன்மைல 'செக்ஸ்'னு சொல்ல வரும்போது அந்த முதல் எழுத்து சரியா விழலைன்னா கேக்குறவங்க காதுல வேற ஒரு வார்த்தையா விழுந்து ஆபீஸ்ல எல்லார் முகமும் மாறிடும். அதனால இதுக்கு அஞ்சு நிமிஷம் செலவு பண்ணுங்க, வீண் இல்ல.

பயிற்சி ரொம்ப சுலபம். 'பச்சை'ன்னு மெதுவா சொல்லுங்க. நடுவுல 'ச்ச்' வரும்போது நாக்கு மேல் பல்லுக்குப் பின்னாடி இருக்கிற மேட்டுல ஒட்டி, ஒரு நொடி காத்த அடைச்சு, அப்புறம் விடுது பாருங்க, அதுதான் வேணும். ஸ சொல்லும்போது நாக்கு எங்கயும் ஒட்டாது, காத்து சும்மா வழிஞ்சுக்கிட்டே போகும். இப்ப 'பச்ச்...'ன்னு நிறுத்தி, நாக்கு ஒட்டினபடியே வச்சுக்கிட்டு, 'ப'வ விட்டுட்டு அங்கேர்ந்து நேரா 'ச்செக்'னு விடுங்க. உள்ளங்கைய வாய்க்கு முன்னாடி வச்சுப் பாத்தா ஒரு சின்ன காத்து வெடிப்பு கையில படணும். பட்டா சரி, படலைன்னா இன்னும் ஸ-லதான் இருக்கீங்க. பச்சை, மிச்சம், குச்சி, செக்... இப்படி ஒரு பத்து தடவை சொன்னா நாக்கு வழி கண்டுபிடிச்சிடும்.

நடுவுல வர்றது 'எலி'ல வர்ற குறில் எ. இழுத்து ஏ ஆக்கினா 'ஷேக்' பக்கம் போயிடும், இ ஆக்கினா கோழிக்குஞ்சு, ஈ ஆக்கினா கன்னம், ஆ ஆக்கினா எழுதுற சாக்பீஸ். இந்த நாலையும் அடுத்தடுத்து வேணும்னே மாத்திச் சொல்லிப் பாருங்க, வித்தியாசம் காதுல பதியும்.

முடிவுல வர்ற க்-க்கு அப்புறம் ஒரு குட்டி உ சேக்குறது நம்ம வாய்க்குப் பழக்கம், தமிழ்ல வார்த்தை வல்லின மெய்ல முடியாது இல்லையா, அதனால 'செக்கு'ன்னு வந்துடும். அது எண்ணெய் ஆட்டுற செக்கு. க்-ல தொண்டைய மூடி அப்படியே நிறுத்திடுங்க, கதவ சத்தமில்லாம சாத்துற மாதிரி.

இறந்த காலம் 'செக்ட்', ஒரே மூச்சுல. எழுத்துல இ டி இருக்கேன்னு 'செக்கெட்'னு ரெண்டா ஒடைக்கக் கூடாது. க், ப், ஸ், ஷ், ச், ஃப் சத்தத்துல முடியுற வினைச்சொல் எல்லாத்துக்கும் இதே கதைதான், குக்ட், வாக்ட், ஹெல்ப்ட், வாஷ்ட். இந்த ஒண்ண செக்க வச்சு கத்துக்கிட்டா நூறு வார்த்தைக்கு உதவும்.

ரெண்டாவது படி: அந்த ராஜாவ பாக்குறது

இப்ப படத்துக்கு வருவோம். பாரசீக மொழில ஷா-ன்னா ராஜா. பாதுஷான்னு சரித்திரப் பாடத்துல படிச்சோமே, அந்தக் கடைசி ஷாவேதான், 1979 வரைக்கும் ஈரான ஆண்டவங்களுக்கும் அதே பட்டம்தான். அந்த ஷாவும் நாம சொல்ற க்ஷத்திரியன்ல வர்ற சமஸ்கிருத வேரும் ரொம்பப் பழைய காலத்துல ஒரே வேர்லேர்ந்து பிரிஞ்சது, ஆளுறதுன்னு அர்த்தம்.

இங்கேர்ந்து சதுரங்கம் ஆட்டம் பாரசீகத்துக்குப் போச்சு. யானை, குதிரை, தேர், காலாள்னு நாலு அங்கம், அதான் சதுர் அங்கம். அங்க அது சத்ரங் ஆச்சு, அப்புறம் அரபுக்காரங்ககிட்ட ஷத்ரஞ்ச் ஆச்சு. எதிராளியோட ராஜாவ தாக்குற எடத்துக்கு காய கொண்டு வந்து வச்சதும் "ஷா!"ன்னு குரல் குடுக்கிறது வழக்கம், உன் ராஜாவ பாத்துக்கோன்னு ஒரு எச்சரிக்கை. அந்தக் குரல்தான் ஆட்டத்தோட சேந்து ஸ்பெயின் பக்கமும் சிசிலி பக்கமும் ஏறி, லத்தீன்ல ஸ்காக்குஸ்னு மாறி, பழைய பிரெஞ்சுல எஷெக்னு ஆகி, 1066ல நார்மன்காரங்க இங்கிலாந்த புடிச்சதுக்கு அப்புறம் அவங்க பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குள்ள வந்து செக் ஆச்சு. ஜெர்மன்காரங்க இன்னிக்கும் அத ஷாக்னு சொல்றாங்க, ஆட்டத்துக்கும் அதே பேரு, ராஜாவுக்கு வைக்கிற செக்குக்கும் அதே பேரு.

இன்னொன்னு தெரிஞ்சப்போ எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. செஸ்ங்கிற வார்த்தையே செக்கோட பன்மைதான். பிரெஞ்சுல எஷெக் ஒருமை, எஷெஸ் பன்மை, அதுலேர்ந்து செஸ். அப்போ செஸ்னா 'ராஜாக்கள்'. செக்மேட்ங்கிறது 'ஷா மாத்', பாரசீகத்துல மாத்-னா வழியில்லாம திகைச்சு நிக்கிறது. அரபுல மாத்த-ன்னா செத்துட்டான்னு அர்த்தம், அதனால ராஜா செத்தான்னு பலரும் சொல்லுவாங்க, ஆனா செஸ்ல ராஜா எப்பவும் சாகுறதில்ல, நகர எடமில்லாம மாட்டிக்கிறார், அதனால எனக்கு அந்தப் பாரசீக விளக்கம்தான் பொருத்தமா படுது.

இப்ப அந்தப் படத்த மனசுல வையுங்க. செக்னு குரல் வந்ததும் ராஜா என்ன பண்ணணும்? போட்டு வச்ச பிளான் எல்லாத்தையும் நிறுத்தணும். எங்கேர்ந்து ஆபத்துன்னு பாக்கணும். நிறுத்து, பாரு. இந்த ரெண்டுலேர்ந்தும், அந்த ஆட்டம் நடக்குற கட்டம் போட்ட பலகைலேர்ந்தும்தான் மிச்சம் எல்லாமே.

மூணாவது படி: கிளைகள ஒவ்வொண்ணா புடிக்கிறது

நிறுத்துங்கிற கிளைதான் பழசு, அதத்தான் புதுசா படிக்கிறவங்க அதிகமா தவற விடுறாங்க. "ஷி செக்ட் ஹெர்செல்ஃப்"னு ஒரு கதைல வந்தா அவ தன்ன சரிபாத்துக்கிட்டான்னு அர்த்தம் இல்ல, ஏதோ சொல்ல வாயெடுத்து சட்டுன்னு அடக்கிக்கிட்டான்னு அர்த்தம். 'கீப் இன் செக்'னா கட்டுக்குள்ள வைக்கிறது, சுகர், பிபி, கோவம், செலவு எதுக்கு வேணாலும் போடலாம். பேப்பர்ல 'அன்செக்ட்'னு பாத்தா சரிபாக்காததுன்னு உடனே நெனச்சுடாதீங்க, பெரும்பாலும் தடுக்க ஆளில்லாம வளர்றதுன்னுதான் எழுதுவாங்க. கிரிக்கெட் கமெண்ட்ரில 'செக்ட் டிரைவ்'னு சொல்றாங்களே, மட்டைய முழுசா வீசாம பாதில நிறுத்தி ஆடுறது, அதுவும் இதே. நாம சொல்ற "செக் வச்சிட்டாங்க"வும் இங்கதான் வரும்.

அடுத்து பாருங்கிற கிளை, எல்லாருக்கும் தெரிஞ்சது, சரிபாக்குறது. இது கொஞ்சம் பிந்திதான் வந்துச்சு, 17ஆம் நூற்றாண்டு முடிவு வாக்குல. ஒண்ண அடக்கி வைக்கணும்னா அத இன்னொண்ணோட ஒப்பிட்டுப் பாக்கணும், அப்படி நகந்து வந்த அர்த்தம். செக்லிஸ்ட் இந்தக் கிளைல காய்ச்ச பழம். 1935 அக்டோபர் 30ஆம் தேதி அமெரிக்காவுல ஒஹையோ மாநிலம் ரைட் ஃபீல்டுல போயிங்கோட மாடல் 299ங்கிற புது பாம்பர் விமானம் கிளம்பின கொஞ்ச நேரத்துலயே விழுந்துடுச்சு. விமானம் தரையில நிக்கும்போது காத்துக்கு வால் பகுதி ஆடாம இருக்க ஒரு பூட்டு போட்டிருப்பாங்க, அத எடுக்க மறந்ததுதான் காரணம். ரெண்டு பேர் செத்தாங்க, ஒருத்தர் அனுபவசாலியான டெஸ்ட் பைலட். இவ்வளவு தெரிஞ்ச ஆளுக்கே மறதி வருதுன்னா நினைவ நம்பிப் பிரயோஜனமில்லன்னு சொல்லி பைலட்டுங்களுக்கு காகிதத்துல பட்டியல் போட்டுக் குடுத்தாங்க. அந்த விமானம்தான் பின்னாடி பி 17ங்கிற பேர்ல ரெண்டாம் உலகப் போர்ல பறந்துச்சு. இப்ப விமானத்துல கதவு மூடினதும் ஸ்பீக்கர்ல "கிராஸ் செக்"னு குரல் வருதே, ஒருத்தர் கதவ இன்னொருத்தர் பாக்குறது, அதுவும் இதே பழக்கத்தோட தொடர்ச்சி.

மூணாவது கிளை ராஜாவ விட்டுட்டு பலகையப் புடிச்சுக்கிட்டுப் போகுது. செஸ் பலகைல கட்டம் இருக்கு, அதனால கட்டம் போட்டது எல்லாமே செக். செக் சட்டை, செக் லுங்கி. 2022ல மாமல்லபுரத்துல செஸ் ஒலிம்பியாட் நடந்தப்போ சென்னை நேப்பியர் பாலத்துக்கு கறுப்பு வெள்ளை கட்டமா பெயிண்ட் அடிச்சாங்களே, அத இங்கிலீஷ்ல 'செக்கர்ட்'னு சொல்லணும். துணில நம்ம ஊருக்கே ஒரு எடம் இருக்கு, மெட்ராஸ் செக்ஸ். நம்ம பக்கத்து தறியில நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணி ஐரோப்பா, மேற்கு ஆப்பிரிக்கான்னு கப்பல் ஏறிப் போச்சு. நைஜீரியால கலபாரி மக்கள் அத கல்யாணம் கருமாதின்னு குடும்ப விசேஷத்துக்கெல்லாம் பத்திரமா வச்சிருப்பாங்க. இங்கிலீஷ் டிக்‌ஷனரில 'மெட்ராஸ்'னு தேடுங்க, ஊரோட அந்தத் துணியும் வரும்.

அதே கட்டத்துலேர்ந்து பணம் வந்த கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல மாவட்ட அதிகாரிங்க வரிப்பணத்த கொண்டு வந்து கணக்கு காட்டணும். கூட்டிக் கழிக்க இப்ப மாதிரி எண்கள் அங்க பழக்கத்துல இல்ல, ரோமன் எண்தான். அதனால பத்தடி நீளம் அஞ்சடி அகலத்துல ஒரு மேஜை போட்டு, கோடு போட்ட கறுப்புத் துணிய விரிச்சு, பென்னிக்கு ஒரு வரிசை, ஷில்லிங்குக்கு ஒரு வரிசை, பவுண்டுக்கு ஒரு வரிசைன்னு வில்லைகள நகத்தி நகத்தி கணக்கு பாப்பாங்க. இந்தப் பக்கம் வரி கட்டுறவர், அந்தப் பக்கம் ராஜாவோட ஆளு, பாக்குறதுக்கு செஸ் ஆடுற மாதிரியே இருக்கும். 1170கள்ல ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல்ங்கிற பொருளாளர் இத அப்படியே எழுதி வச்சிருக்கார். அந்த மேஜைப் பேரே கஜானாவுக்கு ஆகி 'எக்ஸ்செக்கர்' வந்துச்சு. பிரிட்டன் நிதி அமைச்சர இன்னிக்கும் சான்சலர் ஆஃப் த எக்ஸ்செக்கர்னுதான் சொல்றாங்க. நம்ம இங்கிலீஷ் பேப்பர்லயும் 'லாஸ் டு த எக்ஸ்செக்கர்'னு வரும், அரசு கஜானாவுக்கு நஷ்டம்னு அர்த்தம்.

பேங்க் செக், பாருங்கிற கிளைப் பக்கமும் இந்த எக்ஸ்செக்கர் பக்கமும் கை நீட்டுது. முதல்ல அந்தப் பேரு மோசடி நடக்காம ஒப்பிட்டுப் பாக்க வச்சிருந்த அடிக்கட்டைக்குத்தான் இருந்துச்சு, அப்புறம் மொத்தச் சீட்டுக்கும் அதே பேரு ஆச்சு. எக்ஸ்செக்கர்ங்கிற வார்த்தையோட சாயல்ல எழுத்து மட்டும் மாறி சி ஹெச் இ க்யூ யு இ ஆச்சு. சத்தம் ரெண்டுக்கும் ஒண்ணேதான், 'செக்யூ'ன்னு எல்லாம் சொல்லக் கூடாது. அமெரிக்காக்காரங்க பேங்க் சீட்டுக்கும் பழைய சி கே எழுத்தையே வச்சுக்கிட்டாங்க. நாம பிரிட்டிஷ் வழி, 1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்துலயே க்யூ எழுத்துதான். அதனால இந்தியாவுல பேங்க்குக்கு லெட்டர் எழுதினா க்யூ போடுங்க, அமெரிக்கக் கம்பெனிக்கு மெயில் போட்டா சி கே போடுங்க. மத்த எல்லா அர்த்தத்துக்கும் எல்லா ஊர்லயும் சி கேதான். செக் நாட்டுக்காரங்க பேரும் இதே சத்தம்தான், ஆனா அது சி இசட் இ சி ஹெச், இந்தக் குடும்பத்துக்கு எந்த ஒறவும் இல்ல.

கடைசிக் கிளை டோக்கன். தம்பியோட கேள்விக்குப் பதில் இங்கதான் இருக்கு. ஒப்பிட்டுப் பாக்கக் குடுக்கிற சீட்டுக்கும் செக்னு பேரு வந்துச்சு. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ரயில்ல பெட்டிய குடுத்தா பித்தளை வில்லை ஒண்ண பெட்டில மாட்டி, அதே நம்பர்ல இன்னொண்ண உங்க கைல குடுப்பாங்க, அதுக்குப் பேரு செக். ஏர்போர்ட்ல 'செக்ட் பேகேஜ்'ங்கிறது இன்னிக்கும் அதேதான், சோதனை போட்ட பெட்டின்னு இல்ல, டோக்கன் போட்டு ஒப்படைச்ச பெட்டி. அமெரிக்க ரெஸ்டாரண்ட்ல நீங்க சாப்பிட்டதுக்கான சீட்டும் அதனாலதான் செக். லண்டன்ல போய் கேட்டா பில்லுன்னு சொல்லணும்.

நாலாவது படி: வால் வார்த்தைங்க

செக்குக்குப் பின்னாடி ஒட்டுற குட்டி வார்த்தைதான் அர்த்தத்த திருப்பும். அவர்கிட்ட கேட்டுட்டு சொல்றேன்னு சொல்லணும்னா "ஐ வில் செக் வித் ஹிம்". அந்த வித்-த விட்டுட்டு "ஐ வில் செக் ஹிம்"னா அவர சோதனை போடுறேன்னு ஆயிடும், இந்தத் தப்ப ஆபீஸ்ல நான் நிறைய கேட்டிருக்கேன். 'செக் ஆன்' அக்கறையோட போய் எட்டிப் பாக்குறது, ஆஸ்பத்திரில நர்ஸ் அடிக்கடி வந்து பாக்குறாங்களே அது. 'செக் ஆஃப்' முடிஞ்சத பட்டியல்ல டிக் அடிக்கிறது, அமெரிக்கால டிக்குக்கே செக் மார்க்னுதான் பேரு.

'செக் அவுட்' மட்டும் கொஞ்சம் கவனம். ஹோட்டல காலி பண்றது, ஆன்லைன்ல காசு கட்டுறது, "இந்தப் பாட்ட கேட்டுப் பாரு"ங்கிறது எல்லாம் அதுலயே வரும். ஆனா ஒரு ஆள வச்சு சொன்னா சைட் அடிக்கிறதுன்னு அர்த்தமாயிடும், அதனால சக ஊழியர பத்தி அந்த வார்த்தைய போடாதீங்க. "இட் செக்ஸ் அவுட்"னா விசாரிச்சதுல சரியா ஒத்துவருதுன்னு அர்த்தம்.

இதுல சத்தத்துக்கும் ஒரு நுணுக்கம் இருக்கு. பேரா வந்தா முதல் பாதில அழுத்தம், வினையா வந்தா வால்ல அழுத்தம். "செக்-இன் எத்தன மணிக்கு"ன்னு கேக்கும்போது செக்-க அழுத்துங்க, "நான் செக் இன் பண்ணணும்"னு சொல்லும்போது இன்-ன அழுத்துங்க. செக்அப், செக்அவுட் எல்லாத்துக்கும் இதே.

போலீஸ் வண்டிய நிறுத்துற எடத்த நாம செக்போஸ்ட்னு சொல்றோம், பஸ் ஸ்டாப்புக்கே அந்தப் பேரு வச்சிருக்கோம். வெளிநாட்டுல செக்பாயின்ட்னு சொன்னாதான் டக்குன்னு புரியும். நம்ம வார்த்தை தப்பில்ல, கேக்குற ஆளுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டா போதும்.

ஒரு வாரம் இப்படி பண்ணிப் பாருங்க

தினமும் காலைல கண்ணாடி முன்னாடி பச்சை, செக், செக்ட், செக்கிங்னு பத்து தடவை. அப்புறம் அன்னிக்கு நீங்க எங்க செக்-க பாத்தாலும், பேப்பரோ மெசேஜோ கடைப் பலகையோ, நின்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இது நிறுத்துறதா, பாக்குறதா, கட்டமா, பணமா, டோக்கனா? பதில ஒரு நோட்டுல அந்த வாக்கியத்தோட எழுதுங்க. மூணாவது நாளே நோட்டு பாக்காம சொல்ல ஆரம்பிச்சிடுவீங்க. எழுதின வாக்கியத்த யார்கிட்டயாவது வாய்விட்டுச் சொல்லவும் செய்ங்க, எழுத்துல மட்டும் இருந்தா அவசரத்துக்கு வாயில வராது.

தம்பி இத எல்லாம் செஞ்சான். போன மாசம் மறுபடியும் வாய்ஸ் மெசேஜ். ஒரு கஸ்டமர்கிட்ட ஐஸ்கிரீம் கொண்டு வரட்டுமான்னு கேட்டிருக்கான், அவர் சிரிச்சிக்கிட்டே "ஐ வில் டேக் எ ரெயின் செக்"னு சொன்னாராம். "அண்ணே, இங்க மழையே இல்ல, ஆனா இது டோக்கன் கிளைதானே?"ன்னு கேட்டான். அதேதான். 1880கள்ல அமெரிக்காவுல பேஸ்பால் மேட்ச் மழையில நின்னு போனா, அடுத்த மேட்ச்சுக்கு வரலாம்னு ஒரு சீட்டு குடுத்தாங்க, அதுதான் ரெயின் செக். இப்ப இல்ல, இன்னொரு நாள் வச்சுக்கலாம்னு மரியாதையா தள்ளிப் போடுறது. "ஷ்யூர் சார், நெக்ஸ்ட் டைம்"னு சொல்லிட்டு பில்ல கொண்டு போய் வச்சாப் போதும்னு சொன்னேன். "அப்படித்தாண்ணே சொன்னேன்"னான்.